நான்காம் நாள் முதுகு

முதுகில் இருபது கட்டம் ஒட்டி அனுப்பினார்கள்.
குளிக்காதே, குனியாதே, வேர்க்காதே.
சேலத்தில்,
மே மாதத்தில்,
வேர்க்காதே.

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில்
இருபது கொண்டை ஊசி வளைவு.
வளைவுக்கு ஒன்றாய் எண்ணிக்கொண்டு வந்தேன்:
இது நிக்கல், இது சிமெண்டு, இது செண்டு,
இது ஏதோ வாயில் நுழையாதது,
பதினேழில், நானே பறித்துப்போய்க் கொடுத்த
சில்வர் ஓக் இலை.

இருபத்தோரு வருஷம்
அந்த மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறியிருக்கிறேன்,
காப்பிக்குக் கொஞ்சம் வெயில் விட, கிளை கழிக்க.
மிளகுக்கொடியும் நானும் ஒரே மரத்தில்.
கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை.
எனக்கு, மரம் பட்ட இடமெல்லாம்,
முன்கை, நெஞ்சு, தாடை,
நீர் கோத்து, உடைந்து, பொருக்குத் தட்டியது.
ராத்திரி சொறிகிற சத்தத்துக்கு
அங்கம்மா எழுந்து லைட்டைப் போடுவாள்.
"அந்த மரத்தை விட்டுத் தொலையேன்."
மரம் விட வேண்டுமே.

டாக்டர் ஜெசிந்தா
மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்.
தோலின் மேலடுக்கில்
நாலாபக்கமும் கை நீட்டி ஒரு செல்.
எனக்கு ஓடை நண்டாகத் தெரிந்தது.
"காவல் இது. வருவதையெல்லாம் தடவிப் பார்க்கும்.
சந்தேகம் வந்தால் கவ்விக்கொண்டு
அக்குளில் இருக்கிற நிணநீர் முடிச்சுக்குப் போகும்.
படை அங்கே இருக்கிறது."

அப்போ இத்தனை வருஷம்?

இத்தனை வருஷமும் அதேதான் பார்த்தது.
பார்த்து, போகட்டும் என்றிருக்கும்.
ஒருநாள் அப்படிச் சொல்லவில்லை.

ஏன் அந்த ஒருநாள்?

அதற்கு அவரிடம் படம் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். அதுதான் தூங்கவிடவில்லை.
மரத்தின் சாறு தனியாக வந்தால்
படையின் கண்ணில் படாதாம், அவ்வளவு பொடி.
என் புரதத்தின் மேல் ஏறி உட்கார்ந்தால்தான்
அந்நியனாம்.
அப்படியானால் முக்கால்வாசி நான்.
தொப்பி மாற்றி வந்த பங்காளியை
வாசலில் நிறுத்திவைத்து
யார் நீ என்று கேட்கிறது
என் வீடு.

இரண்டாம் ராத்திரி குப்புறப் படுத்திருந்தேன்.
பிளாஸ்டருக்கு அடியில்
நண்டு புறப்பட்டுவிட்டதா?
முதுகிலிருந்து அக்குளுக்கு
அதற்கும் இருபது வளைவு இருக்குமோ?
உடனே அரிக்காது என்றிருந்தார்.
போய்ச் சொல்லி,
பழைய பகை ஞாபகமுள்ளவர்கள் கிளம்பி வர
இரண்டு நாள் ஆகும்.
மழை வரப் பார்த்து, வெள்ளக்கடைப் பக்கம் போய்விட்டது.

நான்காம் நாள். சட்டையைக் கழற்றினேன்.
டார்ச் வெளிச்சம் பதினேழில் நின்றது.
சிவந்து தடித்து, கடுகு கடுகாய்க் கொப்புளம்.
மூன்று பிளஸ் போட்டார்.
பள்ளிக்கூடத்தில் நான் பார்க்காத மார்க்கு.

பிறகு வெளிச்சம் நகர்ந்து
ஒன்பதில் நின்றது.
"கையுறை போடுகிறீர்களா?"

போன வருஷம்தான் எஸ்டேட்டில் கொடுத்தார்கள்,
மரத்திடமிருந்து காப்பாற்ற.
முழங்கை வரைக்கும், கறுப்பு ரப்பர்.

ஒன்பது, ரப்பர்.

டாக்டர் சிரித்தார். நான் சிரித்தேன்.
கதவோரம் விரல் வெடிப்போடு காத்திருந்த
செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர்
என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

இப்போது பல்பர் ஹவுஸில் வேலை.
சம்பளம் நூறு ரூபாய் குறைவு. தோல் ஆறிவிட்டது,
ஆறினாற்போல இருக்கிறது.
வந்த படையில் சிலது திரும்பிப் போகாதாம்,
அங்கேயே குடியேறிவிடுமாம்.
அரைக்கைச் சட்டையில் பார்த்தால்
முன்கையில் நிறம் மங்கிய ஒரு வளைவு,
ஒரு மரத்தின் சுற்றளவு.

நேற்று, புதன்கிழமை,
குறுக்குவழியில் வரும்போது
காற்று ஒரு பச்சை இலையை
சரியாக அதன்மேல் போட்டது.
தட்டிவிட்டு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை தெரியும்.